நீலகிரியில் பேறுகால மனநலத்தை ஆராயப் பல்துறைக் குழு அமைப்பது எப்படி?

கருவுற்றது தொடங்கிக் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரையிலான காலத்தில் ஒரு தாயின் மனநலம் எப்படி இருக்கிறது, எதனால் கெடுகிறது, எது அதைக் காக்கிறது என்பதை ஆராய விரும்பும் மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகவியல் மற்றும் மானிடவியல் மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நீலகிரி மாவட்டத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பழனி மலையில் பணியாற்றுவோர் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. வேலூரை அடுத்த கிராமங்களில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் அவர்களை மீண்டும் சந்தித்தது. அந்த இடைவெளியில் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காட்டினர். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் இருந்த பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை ஆகியவை அதனோடு சேர்ந்து காணப்பட்டன. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பீடு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறத்தாழ 22 விழுக்காட்டுத் தாய்மார்களிடம் இருப்பதாகக் கூறியது. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று முரண்படுபவை அல்ல. முதலாவது புதிதாகத் தோன்றியவர்களை மட்டும் எண்ணியது. இரண்டாவது, ஏற்கெனவே சோர்வில் இருந்தவர்களையும் சேர்த்து, வெவ்வேறு அளவுகோல்களாலும் வெவ்வேறு காலங்களிலும் எடுக்கப்பட்ட கணக்குகளின் சராசரி. உங்கள் குழு எதை எண்ணப்போகிறது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எழும் சச்சரவுகளில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

வேலூரின் முடிவுகளை அப்படியே மலைக்கு ஏற்றிவிடவும் முடியாது. 1964-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள், சிறு தேயிலை விவசாயம் செய்யும் படுகர் குடும்பங்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பழங்குடிச் சமூகத்தார், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மலையாளக் குடும்பங்கள், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் இத்தனை வகை வாழ்க்கையும் வரிசையில் நிற்கிறது. மாமியார் வீட்டுக்குப் போவதும், பெண் பிறப்பதும், பிரசவத்துக்குப் பின் ஓய்வெடுப்பதும் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பொருளுடையவை அல்ல.

உதவிக்கான வழி முதலில், கேள்வி பிறகு

ஒரு பெண்ணிடம் மனத் துயரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிடுவது ஆய்வாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே வினாப்படிவத்தைத் தயாரிப்பதற்கு முன், சிகிச்சைக்கான பாதையை ஒரே தாளில் வரைந்து முடியுங்கள். மிதமான சோர்வு உள்ளவருக்கு யார் தொடர்ந்து பேசுவார், எத்தனை நாளுக்கொரு முறை பேசுவார் என்பது அதில் இருக்க வேண்டும். மருத்துவர் பார்க்க வேண்டிய நிலையில் உள்ளவர் மாவட்ட மனநலத் திட்டத்தின் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை போக வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். பந்தலூரை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து உதகைக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். கைக்குழந்தையோடு மூத்த குழந்தையும் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பேருந்துக் கட்டணம், கூலி இழப்பு, குழந்தையைப் பார்க்கும் ஆள் ஆகிய மூன்றுக்கும் திட்ட நிதியில் இடம் ஒதுக்காத குழு, பரிந்துரைச் சீட்டு எழுதுவதோடு நின்றுவிடும்.

மிதமான நிலைக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானின் ஊர்ப்புறச் சுகாதாரப் பெண் பணியாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2008-இல் முடிவுகள் வெளியான ஓர் உளவியல் உதவித் திட்டம், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களாலேயே தாய்மார்களின் மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்று காட்டியது. அதன் கையேட்டை உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்டது. கோவாவில் அதே முறையை, அயல்வீட்டுத் தாய்மார்களைக் கொண்டு செய்துபார்த்திருக்கிறார்கள். நம் கிராம சுகாதார செவிலியர்களையும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர்களையும் இப்படிப் பயிற்றுவிக்க முடியும். ஆனால் அவர்களின் மேலதிகாரிகளோடு பேசி, வேறு ஏதேனும் ஒரு பணிச்சுமையைக் குறைத்த பிறகே அதைக் கேட்க வேண்டும்.

அவசர நிலை தனி. பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோய் ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வருகிறது. தாய் இரவு பகலாகத் தூங்காமல் இருப்பார், பேச்சு குழம்பும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றும், சில மணி நேரம் தெளிந்தது போலிருந்து மீண்டும் மாறும். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள்களில் பல பெண்களுக்கு வரும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கடும் மனநோயின் அறிகுறிகளைக் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடும்பத்தார் முதலில் மந்திரிக்கப் போக விரும்பினால் அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அதையும் செய்யுங்கள், இன்றே மருத்துவரிடமும் வாருங்கள் என்று சொல்லப் பணியாளர்களைப் பழக்குங்கள். தாயையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையையும் சிகிச்சையின்போது பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 21-ஆவது பிரிவில் சொல்கிறது. தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்சில் உண்டு. நீங்கள் அனுப்பப்போகும் மருத்துவமனையில் அதற்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் சில தோட்டங்களில் கைப்பேசிக்கு அலைவரிசையே கிடைப்பதில்லை என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

யார் யார் வேண்டும்

மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர், குழந்தை நல மருத்துவர், சமுதாயச் செவிலியர், மானிடவியலாளர், புள்ளியியலாளர், சமூகப் பணியாளர் என்ற பட்டியலை எவரும் எழுதிவிடலாம். அவர்கள் எல்லோரும் ஒரே பெண்ணைப் பற்றி ஒரே நேரத்தில் பேசும்படி செய்வதுதான் கடினம்.

எடுத்துக்காட்டாக, குன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிரசவமாகி ஐந்து வாரமான ஒருவர், எழுந்து நிற்கவே முடியவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகப்பேறு மருத்துவர் இரத்த அணு அளவையும் தைராய்டையும் பார்க்கச் சொல்வார். மனநல மருத்துவர் தூக்கத்தையும் குற்ற உணர்வையும் கேட்பார். குழந்தை நல மருத்துவர் குழந்தையின் எடையையும் பால் குடிக்கும் விதத்தையும் பார்ப்பார். மானிடவியலாளர், வீட்டில் இப்போது யார் சமைக்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். சமூகப் பணியாளரோ பேறுகாலச் சம்பளம் வந்ததா என்று கேட்பார். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஆனால் அதற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதால், தற்காலிகக் கொழுந்து பறிப்பாளர்கள் பலர் வெளியே நின்றுவிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவித் திட்டத்தின் தவணை வந்து சேர்ந்ததா என்பதும் அதே கேள்வியோடு சேர்ந்தது. இந்த ஐந்து பேரும் தனித்தனியே ஐந்து கட்டுரைகள் எழுதினால் அந்தப் பெண் ஐந்து துண்டாகிவிடுவார். வாரம் ஒருமுறை, பெயரை மறைத்து, இரண்டு மூன்று பேரின் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து பேசும் அமர்வு ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அந்த அமர்வுக்கு எப்போதும் மருத்துவரே தலைமை தாங்க வேண்டாம்; முறை வைத்து மாறட்டும். அப்போதுதான் செவிலியர் தயங்காமல் பேசுவார்.

பேறுகால மனச்சோர்விலிருந்து மீண்ட தாய்மார்கள் இருவரையாவது, மதிப்பூதியத்துடன், குழுவின் முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் விருந்தாளியைப் போல ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது

1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல் 10 கேள்விகள் கொண்டது. கடந்த 7 நாள்களைப் பற்றிக் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. தமிழிலும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொது மருத்துவத்தில் பரவலாக உள்ள பி.எச்.கியூ-9 என்ற வினாப்படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள் கேட்கிறது. நம் மலைக்கு முன்னதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். பி.எச்.கியூ-9 களைப்பு, பசி, தூக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கிறது. சோகையுள்ள ஒரு தாய், மனம் நன்றாக இருந்தாலும், களைப்பாகவே இருப்பார். பச்சிளங்குழந்தையை வைத்திருப்பவருக்குத் தூக்கம் எப்படியும் கெட்டிருக்கும். எடின்பரோ அளவுகோல் இத்தகைய உடற்குறிகளைப் பெரிதும் தவிர்த்தே அமைக்கப்பட்டது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணுச் சோகையும் காணப்படுவதால், எந்தப் படிவத்தைப் பயன்படுத்தினாலும் அதே நாளில் இரத்த அணு அளவையும் எடுத்துவிடுங்கள். உடலின் களைப்பையும் மனத்தின் களைப்பையும் ஆய்வின் இறுதியில் பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை.

இங்கிலாந்தில் 12-க்கு மேல் பெற்றால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கொண்டார்கள். இப்படிக் கோடு போடும் எண், அதாவது வெட்டுப்புள்ளி, இடத்துக்கு இடம் மாறும். ஆகவே உங்கள் பகுதிப் பெண்களில் ஒரு பகுதியினரை, அவர்களின் மதிப்பெண் தெரியாத ஒரு மனநல மருத்துவர் தனியே நேர்காணல் செய்து, எந்த எண்ணில் கோடு போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். மதிப்பெண் ஒருநாளும் நோய் முடிவாகாது என்பதைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் வீடுகளில் எழுத்துப் படிவம் பயன்படாது. அந்தந்தச் சமூகத்துப் பெண் ஒருவரின் குரலில் கேள்விகளைப் பதிவுசெய்து ஒலிக்கவிடலாம். களத்துக்குப் போவதற்கு முன் சில தாய்மார்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் சொல்லி, அவர்களுக்கு அது என்னவாகப் புரிந்தது என்று கேட்டு எழுதுங்கள். நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவர்களே சொல்லும் சொற்களை மானிடவியலாளர் திரட்டி வைத்தால், அவை வினாப்படிவம் பிடிக்கத் தவறியவற்றையும் பிடித்துத் தரும்.

எடின்பரோ அளவுகோலின் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதைக் கேட்கத் தயங்கி வேகமாக வாசித்துவிட்டு இல்லை என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் புதிய பணியாளர்களிடம் இயல்பாக வரும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகம் பார்த்து, மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்படி பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். பூச்சியத்தைத் தவிர எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தப் பெண்ணைத் தனியே விடாமல் அங்கிருந்தே மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். அலைவரிசை இல்லாத இடமானால் இன்னொரு பணியாளர் உடன் இருப்பது கட்டாயம். இதனாலேயே களத்துக்கு இருவராகப் போவது நல்லது.

எத்தனை பேர், எப்போது

மனச்சோர்வு 20 விழுக்காடு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கும் அளவு துல்லியம் வேண்டுமென்றால் 246 பேர் தேவை. தோட்டம் தோட்டமாக, ஊர் ஊராகத் தேர்ந்தெடுப்பதால் ஒரே இடத்தவர் ஒருவரைப் போல ஒருவர் இருக்கும் வாய்ப்பு அதிகம். அதற்கென ஒன்றரை மடங்காக்கினால் 369. ஐந்தில் ஒருவர் இடையில் விட்டுப்போவார் என்று கணக்கிட்டால் 462 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

விட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் தாய்வீடு. தமிழ்க் குடும்பங்களில் ஏழாம் மாத வளைகாப்போடு பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அது அடுத்த தோட்டமாகவும் இருக்கலாம், மேட்டுப்பாளையமாகவும் இருக்கலாம். கூடலூர், பந்தலூர்ப் பெண்கள் சிலர் பிரசவத்துக்குக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போகிறார்கள் என்பதால் பதிவேடும் மாநிலம் கடந்துவிடுகிறது. சேர்க்கும் நாளிலேயே தாய்வீட்டு முகவரியையும், அங்கிருக்கும் நம்பகமான ஒருவரின் எண்ணையும், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி பதிவு எண்ணையும், அவர் அனுமதியோடு வாங்கிவையுங்கள். தாய்வீட்டில் இருக்கும்போது ஒருமுறை, கணவர் வீடு திரும்பிய பின் ஒருமுறை என்று இரண்டு சந்திப்புகளை வையுங்கள். அந்த இடமாற்றம் பல பெண்களுக்குக் கைகொடுத்த ஆளையெல்லாம் ஒரே நாளில் இழக்கும் நேரம் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்காத ஆய்வு முக்கியமானதைத் தவறவிடும். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போட வருவார்கள். சந்திப்புகளை அந்த நாள்களோடு இணைத்தால் தனிப் பயணம் தேவைப்படாது.

பருவத்தையும் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மண்சரிவால் சாலை அடைபடும். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டுச் சந்திப்பு வேண்டாம்.

தனிமையும் ஒப்புதலும்

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டிக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அங்கே உட்கார்ந்து மாமியாரைப் பற்றிக் கேட்டால் என்ன விடை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருவராகப் போகும் பணியாளர்களில் ஒருவர் பெரியவர்களோடு குழந்தையின் எடையைப் பற்றியும் தடுப்பூசி அட்டையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் தாயோடு வெயிலில் சற்றுத் தள்ளிப் போய் உட்காரலாம். அதுவும் இயலாதபோது, நான்கு படங்கள் உள்ள அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, காதருகில் ஒலிக்கும் கேள்விக்கு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது.

கோத்தர்களின் பழைய ஊர்கள் ஏழுதான். தோடர்களும் சிறு சமூகத்தினர். 24 வயது, இரண்டாவது பிரசவம், இன்ன ஊர் என்று அறிக்கையில் எழுதினாலே அவர் யாரென்று ஊரே அறியும். சிறு சமூகங்களின் விவரங்களைச் சேர்த்தே வெளியிடுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான எண்ணிக்கை எந்த அட்டவணையிலும் தனியே நிற்க வேண்டாம்.

ஒப்புதல் தாயிடமிருந்தே வர வேண்டும். ஊர்ப் பெரியவர், தோட்ட மேலாளர், கணவர் ஆகியோரின் அனுமதி மரியாதைக்கு உரியது என்றாலும் அது அவருடைய ஒப்புதலுக்கு ஈடாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் ஒப்புதல் பெற வேண்டும். மேலும் ஒரு கடினமான செய்தி உண்டு: தாய் 18 வயதுக்குட்பட்டவரானால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று பொதுவாக வாக்களித்துவிட்டுப் பிறகு அதை மீறுவது அந்தப் பெண்ணுக்கும் அவருடைய சமூகத்துக்கும் செய்யும் துரோகம். எந்தச் சூழலில் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைச் சட்டம் அறிந்தவரோடு பேசித் தெளிந்து, ஒப்புதல் படிவத்திலேயே எளிய தமிழில் எழுதிவிடுங்கள்.

அனுமதிகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பழங்குடிப் பகுதிக்குள் செல்ல மாவட்ட ஆட்சியர் அல்லது பழங்குடியினர் நலத் துறையின் அனுமதியும் வேண்டும். அயல்நாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழுவும் பார்க்க வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாக மாதங்களை எடுத்துக்கொள்ளும் என்பதால் களப்பணியாளர்களை அதன் பிறகே நியமியுங்கள்.

களப்பணியாளர்களும் முடிவுகளும்

படுகு, பணிய மொழி, மலையாளம், தமிழ் என்று அந்தந்த ஊரில் பேசப்படும் மொழியைப் பேசும் பெண்களையே களப்பணிக்கு எடுங்கள். ஆனால் எவரையும் தன் சொந்த ஊரிலோ சொந்த லைனிலோ நேர்காணல் செய்ய அனுப்பாதீர்கள். அவர்களில் பலரும் தாய்மார்களே. நாள் முழுவதும் பிறரின் துயரத்தைக் கேட்பது அவர்களையும் தொடும். ஒரு நாளைக்கு மூன்று நேர்காணல்களுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை அவர்கள் தங்கள் மனநிலையைப் பேச, குழுவின் தலைமையைச் சேராத ஒருவர் இருக்கட்டும். கேள்விகளைத் திருத்தியதிலும் விடைகளுக்குப் பொருள் கண்டதிலும் பங்குள்ள பணியாளரின் பெயர் கட்டுரை ஆசிரியர்களுள் இடம்பெற வேண்டும் என்பதை வேலைக்கு எடுக்கும்போதே எழுதிக்கொடுங்கள்.

முடிவுகள் தயாரானதும் கட்டுரை அச்சேறும்வரை காத்திருக்காமல், பெயரும் ஊரும் தெரியாத வடிவில், ஹட்டியின் (படுகர் ஊரின்) மகளிர் குழுவிலும், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலும், கிராம சபையிலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் தமிழ் அறிக்கை ஒன்றைத் தனியே கொடுங்கள். எந்த ஒன்றியத்தில் எத்தனை தாய்மார்களுக்கு உதவி தேவைப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை வரை வந்துசேர்ந்தார்கள், வராதவர்கள் எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால், அடுத்த நிதியாண்டின் திட்டம் எழுதப்படும்போது, மனநல மருத்துவர் மாதம் ஒருமுறை பந்தலூருக்கு வர வேண்டும் என்று கேட்பதற்கு அந்தத் தாளே போதுமானதாக இருக்கும்.